பூஜைக்குச் சுத்தம் செய்தேன்

அசதி என்றால் என்னவென்று யாராவது கேட்டால், ஒரு சின்ன பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசராக இருந்து பாருங்கள் என்பேன். பெயர்தான் மெர்ச்சண்டைசர். சாம்பிள் அனுப்புவது, மெயிலுக்குப் பதில் போடுவது, டெய்லர்களுக்கு வருகை குறிப்பது, பட்டன் வந்து சேரவில்லை என்று கடைக்குப் போன் போடுவது, மோட்டார் நின்றால் எலக்ட்ரீஷியனைக் கெஞ்சுவது, எல்லாம் என் தலையில். அருள்புரத்தில் இருபத்திரண்டு மெஷின் ஓடிய ஒரு யூனிட்டில் பன்னிரண்டு வருடம் அப்படி இருந்தேன். ஆறு பேர் வேலையை ஒருத்தி செய்தால் ஏழாவது வேலை தானாகத் தேடி வரும். எனக்கு ஏழாவதாக வந்தது வெப்சைட்.

ஓனருக்கு அறுபதை நெருங்கும் வயது. தோட்டத்தை விட்டுத் தொழிலுக்கு வந்தவர். பெரிய கம்பெனிகளின் ஆர்டரை வாங்கித் தைத்துக் கொடுக்கும் ஜாப் ஒர்க்தான் அவருக்கு எப்போதும். அந்தக் கம்பெனிகள் எல்லாவற்றையும் தங்கள் கூரைக்குள்ளேயே தைக்க ஆரம்பித்த பிறகு எங்களுக்கு வேலை குறைந்துகொண்டே வந்தது. ஆடி கழிந்ததும் ஒரு நாள் என்னைக் கூப்பிட்டு உட்கார வைத்துச் சொன்னார். தீபாவளிக்குள் வெளிநாட்டு ஆர்டர் ஒன்று நேராக நம் கைக்கு வர வேண்டும். வராவிட்டால் தீபாவளி லீவுக்குப் பூட்டுகிற கதவைத் திரும்பத் திறக்கப் போவதில்லை. மெஷின்களை விற்றுவிட்டுத் தோட்டத்துக்கே போகிறேன் என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார். முப்பது பேர் பிழைப்பு அது. அதில் ஒன்று என்னுடையது.

பையிங் ஏஜென்ட் ஒருவர் வழி காட்டினார். கைக்குழந்தைகளுக்கு உடுப்பு விற்கும் வெளிநாட்டுக் கடைக்காரர்கள் சின்ன யூனிட்டாகத் தேடுகிறார்களாம். முதலில் வெப்சைட்டைப் பார்ப்பார்களாம். அது பிடித்தால்தான் பேச்சே. எங்களுக்கு வெப்சைட் கிடையாது. நான் பி.காம். படித்தவள், கூடவே ஒரு கம்ப்யூட்டர் கோர்ஸ் முடித்திருந்தேன். அந்தப் பாவத்துக்கு அது என் மேசைக்கு வந்தது.

மதியச் சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் தயிர்சாதமும் ஒரு கையில் வீடியோவுமாகக் கற்றுக்கொண்டேன். சைட்டுக்கான கோப்புகளை இணையத்தில் ரெப்போ என்ற ஓரிடத்தில் வைக்க வேண்டும். ரெப்போ என்பது குடோன் மாதிரி. குடோனில் சரக்கை மாற்றி அடுக்கினால் போதும், இரண்டு நிமிடத்தில் கடையின் ஷோகேஸ் தானாக மாறிக்கொள்ளும். வாடகையும் இல்லை, காவலுக்கு ஆளும் வேண்டாம். ஒரே ஒரு கண்டிப்பு உண்டு. ஒவ்வொரு முறையும் என்ன செய்தோம் என்று ஒரு வரி எழுதியாக வேண்டும். யார், எந்த நேரத்தில், எதை வைத்தார், எதை எடுத்தார் என்பதெல்லாம் ஒரு பட்டியலாக நிற்கும். வைத்தது பச்சையில் தெரியும், எடுத்தது சிவப்பில் தெரியும்.

சைட் வந்த அன்றைக்கு ஓனர் அதைப் பார்த்துத் தலையாட்டினார். அதோடு சரி. ஆனால் அந்தப் பட்டியலைத் தற்செயலாகக் காட்டினேன் பாருங்கள், அதை விடவே இல்லை. தன் செல்போனில் அதைத் திறந்து வைத்துத் தரச் சொன்னார். முப்பது வருடமாகக் காலையில் புரொடக்‌ஷன் போர்டைப் பார்த்துப் பழகிய கண். அதே கண்ணால் தினமும் காப்பியோடு இதைப் படித்தார். சாயங்காலம் ஏழரை மணிக்கு நான் எதையாவது போட்டிருந்தால் மறுநாள் விசாரிப்பார், ஊட்டுக்குப் போகவில்லையா என்று. அவர் படிக்கிறார் என்பதற்காகவே தமிழில் எழுத ஆரம்பித்தேன். "ஓனர் சொன்ன நீலம் வைத்தேன்." அடுத்த நாள், "ஓனர் வேண்டாம் என்ற நீலம் எடுத்தேன்." அதைப் படித்துவிட்டு அவர் சிரித்த சத்தம் கட்டிங் டேபிள் வரைக்கும் கேட்டது.

கம்பெனிப் பெயரிலேயே ஒரு முகவரி வாங்கி, ரெப்போவின் செட்டிங்கில் அதைப் பதிந்தேன். விசிட்டிங் கார்டிலும் அச்சடித்தார்கள். பதிந்தபோது ரெப்போவுக்குள் தானாகவே ஒரு சின்னக் கோப்பு முளைத்திருக்கிறது. அதை நான் கவனிக்கவில்லை.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் யூனிட்டில் தையல் கிடையாது, சுத்தம் மட்டும்தான். கம்ப்ரசர் காற்றை அடித்து மெஷினுக்குள் அடைந்திருந்த பஞ்சையெல்லாம் ஊதினார்கள். மூக்கு, இமை, டீ டம்ளர் எல்லாவற்றிலும் பஞ்சு. எண்ணெய்ப் பிசுக்கைத் துடைத்தார்கள். ஓனர் ஒவ்வொரு மேசையாக வந்து என் மேசைக்கும் வந்தார். கம்ப்யூட்டரையும் சுத்தம் பண்ணிவிடச் சொன்னார். குப்பை என்று எதுவும் இருக்கக் கூடாது, சாமி வருகிற இடம் என்றார்.

அவர் சொன்னது தூசியை. எனக்கோ எதைச் செய்தாலும் அடிவரைக்கும் போய்ச் செய்கிற வியாதி. பழைய டூத் பிரஷ்ஷால் கீபோர்டைத் தேய்த்தேன். பிறகு கம்ப்யூட்டருக்குள் கிடந்த பழைய கோப்புகளை அழித்தேன். பிறகு ரெப்போவுக்குள் போனேன். பைனல், பைனல் டூ, பைனல் ஓகே என்று நானே போட்டு வைத்த போட்டோக்கள் கிடந்தன, எடுத்தேன். கூடவே, .jpg மாதிரி வால் எதுவும் இல்லாத பெயரோடு ஒரு கோப்பு கிடந்தது. திறந்தால் உள்ளே ஒரே ஒரு வரி, எங்கள் சைட்டின் முகவரி. எப்போதோ சோதனைக்கு நான் அடித்து வைத்ததாக்கும் என்று அதையும் எடுத்தேன். என்ன செய்தாய் என்று கேட்ட கட்டத்தில் "பூஜைக்குச் சுத்தம் செய்தேன்" என்று எழுதினேன். உடனே சைட்டைத் திறந்து பார்த்தேன், நன்றாகத்தான் இருந்தது. மாற்றம் போய்ச் சேர இரண்டு நிமிடம் ஆகும் என்பதை மறந்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன்.

மறுநாள் காலை பூஜை. ஓனரின் மனைவி மெஷின் மெஷினாகச் சந்தனம் வைத்துக் குங்குமம் இட்டு வந்தார். கம்ப்யூட்டருக்கும் மூன்று பொட்டு, மேலே ஒரு சாமந்தி. நான் வழக்கம்போல ஓரமாக நின்று போட்டோ எடுத்தேன். எங்கள் வீட்டில் இந்த வழிபாடு இல்லை. நாங்கள் பள்ளிவாசலுக்குப் போகிறவர்கள். நோன்பு மாதத்தில் ஓனர் தன் டீயை வெளியே எடுத்துப் போய்க் குடிப்பார். பூஜை அன்று நான் பொரியும் சுண்டலும் முதலில் வாங்கிக்கொள்வேன். அதைப் பற்றி நாங்கள் ஒருநாளும் பேசியதில்லை. பூஜை போட்ட மெஷினை மறுநாள் விஜயதசமி காலை வரைக்கும் யாரும் தொடக் கூடாது. அது அந்த யூனிட்டின் முறை. பன்னிரண்டு வருடமாக நானும் அந்த ஒரு நாள் கம்ப்யூட்டரைத் தொட்டதில்லை.

வாசலில் பூசணிக்காய் உடைத்து எல்லோரும் கிளம்புகிற நேரம், மணி பன்னிரண்டு இருக்கும், ஏஜென்ட் போன் செய்தார். பையர், அந்தக் குழந்தை உடுப்புக் கடைக்காரர்கள், இன்றைக்கே அவர் சொல்லியிருந்த ஐந்து யூனிட்டின் சைட்டையும் பார்த்து ஒன்றை முடிவு செய்கிறார்களாம். உங்கள் சைட் திறக்கவில்லையே என்றார். அவர்களுக்கு ஆயுத பூஜையும் தெரியாது, அருள்புரமும் தெரியாது. செல்போனில் திறந்து பார்த்தேன். இங்கே எந்த சைட்டும் இல்லை என்று ஒரு வெள்ளைப் பக்கம் வந்தது. நேற்று அழித்த அந்த ஒற்றை வரிதான் சைட்டுக்கும் முகவரிக்கும் இருந்த முடிச்சு என்று அப்போது புரிந்தது. ஓனரிடம் ஏதோ கோளாறு என்று மட்டும் சொன்னேன். நான்தான் அழித்தேன் என்று சொல்ல வாய் வரவில்லை.

அவர் கம்ப்யூட்டரைப் பார்த்தார். அதன் நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை. என் முகத்தைப் பார்க்காமல் கேட்டார்.

"ஏனுங்கம்மணி, நீங்க தொட்டாத் தப்பில்லீங்களே? உங்களுக்கு இந்த மொறையெல்லாம் இல்லீங்களல்லோ?"

கேட்டது நியாயம்தான். முப்பது பேர் பிழைப்பு. ஆனாலும் எனக்கு வலித்தது. பன்னிரண்டு வருடமாக அது எனக்கும் முறை என்று நினைத்துக்கொண்டிருந்தவள் நான். அவசரத்துக்கு அவிழ்க்கிற முடிச்சு என்று அவர் நினைத்திருக்கிறார்.

"பன்னெண்டு வருசமாத் தொடலீங்ணா," என்றேன். "இன்னைக்கும் தொடமாட்டேனுங்க. செல்லுல பாக்கறேன்."

அவர் தலை குனிந்துகொண்டார். "தப்பாக் கேட்டுப்போட்டேனுங்க," என்றார்.

வீம்பு பேசியாயிற்று. இனி வேலை நடக்க வேண்டும். படிக்கட்டில் உட்கார்ந்து, கட்டைவிரல் அகலத் திரையில் ரெப்போவைத் திறந்தேன். வெயிலில் எழுத்தே தெரியவில்லை. சிக்னல் வந்து வந்து போயிற்று. கம்ப்யூட்டரில் ஐந்து நிமிடத்தில் முடிகிற வேலைக்கு முக்கால் மணி நேரம் ஆனது. அதே பெயரில் ஒரு கோப்பு, அதற்குள் அதே ஒற்றை வரி. "விட்டுப்போனதைச் சேர்த்தேன்" என்று எழுதினேன். எழுதிவிட்டு உடனே திறந்தால், இந்த சைட் பாதுகாப்பானதல்ல என்று எச்சரிக்கை வந்தது. பெயரைச் சரிபார்த்துப் பாதுகாப்புப் பூட்டுப் போட்டுத் தர ரெப்போ நடத்துகிறவர்களுக்கு நேரம் பிடிக்குமாம். ஓனரும் நானும் பொரியைக் கொறித்துக்கொண்டு அதையே திறந்து திறந்து பார்த்தோம். மூன்றரை மணிக்குத்தான் எங்கள் டெய்லர்கள் வரிசையாக உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. ஓனர் ஒரு பெருமூச்சு விட்டு, வீட்டுக்குப் போங்கள் என்றார்.

ஏஜென்ட் மறுநாள் சொன்னார். மூன்று மணிக்கெல்லாம் பையர் முடிவு செய்துவிட்டார்களாம். எங்கள் பக்கம் திறக்காததால் பட்டியலில் அடுத்த யூனிட்டுக்குப் போய்விட்டார்களாம்.

மூன்று மணி. என் வீம்பு தின்ற முக்கால் மணி நேரத்தைக் கழித்துப் பார்த்தேன். அன்றைக்கு மட்டுமல்ல, இன்றைக்கும் கழித்துப் பார்க்கிறேன். கணக்கு ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு மாதிரி வருகிறது.

தீபாவளிக்கு எல்லோருக்கும் போனஸும் ஸ்வீட் பெட்டியும் கொடுத்துக் கதவைப் பூட்டினார். சொன்னபடி திறக்கவில்லை. கார்த்திகையில் மெஷின்களை லாரியில் ஏற்றிய அன்று, கூடமாட இருக்க நான் போயிருந்தேன். மெஷின்கள் பொருத்தியிருந்த பவர் டேபிள் இருந்த இடத்தில் சிமெண்ட் தரை மட்டும் வெளுப்பாகத் தெரிந்தது. இருபத்திரண்டாவது மெஷின் ஏறிய பிறகு என்னால் அடக்க முடியவில்லை. அன்றைக்கு வந்தது கோளாறு இல்லை, நான்தான் குப்பையென்று நினைத்து எடுத்தேன் என்று சொல்லிவிட்டேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

"தெரியுங்க அம்மணி," என்றார். "பூசைக்கு அடுத்த நாள் காத்தாலயே லிஸ்ட்டுல பாத்தனுங்க. செவப்புல நம்ம கம்பெனி பேரு கெடந்துது. சுத்தம் பண்ணச் சொன்னவன் நானுங்க. நீங்க என்ன பண்ணுவீங்க?"

காப்பியோடு தினமும் அதைப் படிக்கிறவர் அன்றைக்கு மட்டும் படிக்காமல் விட்டிருப்பார் என்று எப்படி நினைத்தேனோ தெரியவில்லை. ஒன்றரை மாதம் அதை மனதில் வைத்துக்கொண்டு, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் இருந்திருக்கிறார். நான்தான் அவர் முகத்தைப் பார்க்கப் பயந்து பைலுக்குள் தலையைப் புதைத்துத் திரிந்திருக்கிறேன்.

சைட்டையும் எடுத்துவிடட்டுமா என்று கேட்டேன். வாடகை கேட்கிறதா என்றார். ரெப்போ இலவசம், முகவரிக்குக் கட்டிய பணம் இன்னும் கொஞ்ச நாள் தாங்கும் என்றேன். அது பாட்டுக்குக் கிடக்கட்டும் என்றார். பிறகு கேட் வரைக்கும் வந்தவர், தயங்கித் தயங்கி ஒன்று கேட்டார். காலையில் எழுந்தால் பார்ப்பதற்கு இனி ஒன்றும் இல்லை. அந்தப் பட்டியலில் மட்டும் அவ்வப்போது ஒரு வரி போட்டு வைக்க முடியுமா என்று. எட்டாவது வேலை.

இப்போது பல்லடம் ரோட்டில் ஒரு பெரிய கம்பெனியில் இருக்கிறேன். இங்கே வெப்சைட்டுக்குத் தனியாக ஆள் உண்டு, எனக்கு மற்ற ஆறு வேலையும் உண்டு. நாலு மணி டீ நேரத்தில் செல்போனில் அந்த ரெப்போவைத் திறப்பேன். எங்களிடம் இருபத்திரண்டு மெஷின்கள் உள்ளன என்று பக்கத்தின் அடியில் ஒரு வரி இருக்கிறது. எதையாவது மாற்றினால்தான் பட்டியலில் வரி எழுத விடும், அதனால் அதன் முடிவில் இன்று ஒரு புள்ளி வைப்பேன், நாளை அதை எடுப்பேன். என்ன செய்தாய் என்ற கட்டத்தில் தோன்றியதை எழுதுவேன். "இங்கே டீ தண்ணி மாதிரி இருக்கிறது." "நூலில் ஷேடு மாறி வந்துவிட்டது, நாள் முழுக்க ஏச்சு." "மழை."

போன வாரம் இரண்டு நாள் எழுதவில்லை. ஷிப்மென்ட் நெருக்கடி, டீ குடிக்கவே எழுந்திருக்க முடியவில்லை. மூன்றாம் நாள் காலை ஆறரை மணிக்குப் போன் வந்தது. பின்னால் தோட்டத்து மோட்டார் ஓடுகிற சத்தம்.

"ஏனுங்கம்மணி," என்றார். "ஒடம்பு கிடம்பு சரியில்லீங்களா?"