டிராயரில் கிடந்த பத்து மாத்திரை

பத்து மாத்திரை கொண்ட ஓர் அட்டை. ஒரு முனை மட்டும் லேசாக மடங்கியிருக்கும். என் மேசையின் இடப்பக்க டிராயரில், ஸ்டாம்ப் பேடுக்கும் ரப்பர் பேண்டு டப்பாவுக்கும் நடுவே அது நான்கு மாதம் கிடந்தது. வலிப்பு நோய்க்கான மாத்திரை. அதை நான் யாருக்கும் கொடுக்கவில்லை. கொடுக்கக் கூடாது என்றுதான் வைத்திருந்தேன். படிக்கிறவர்களுக்கு இது விசித்திரமாக இருக்கும். எங்கள் வேலையில் இருந்தவர்களுக்கு இருக்காது.

மும்பை தாராவியில் ஒரு சந்து முனையில் இருந்த அரசு மருத்துவ நிலையத்தில் நான் மருந்தாளுநராக இருந்தேன். மாட்டுங்காவிலிருந்து தினமும் நடந்தே போய்விடுவேன். அங்கே என் பெயர் யாருக்கும் தெரியாது, எல்லோருக்கும் நான் மருந்தம்மா. மாதக் கடைசியில் ஒவ்வொரு மருந்துக்கும் எவ்வளவு வந்தது, எவ்வளவு கொடுத்தோம், கையிருப்பு எவ்வளவு என்று எழுதித் தலைமைக் கிடங்குக்கு அனுப்ப வேண்டும். கையிருப்பில் பூஜ்யம் என்று எழுதினால் அந்த இடத்தில் சிவப்பு மையில் ஒரு வட்டம் விழும். பின்னாலேயே ஒரு கடிதம் வரும், ஏன் முன்கூட்டியே கேட்கவில்லை, விளக்கம் தரவும் என்று. முன்கூட்டியே கேட்டு எழுதிய மூன்று கடிதங்களையும் இணைத்து விளக்கம் தந்தால், இதென்ன எதிர்த்துப் பேசும் தோரணை என்று இன்னொரு கடிதம் வரும். ஆகவே எல்லா நிலையங்களிலும் ஒரு வழக்கம் இருந்தது. எந்த மருந்து தீர்ந்துபோகும் போலிருந்தாலும் கடைசி அட்டையை எடுத்து டிராயரில் போட்டுவிடுவோம். கையிருப்பு பத்து. சிவப்பு வட்டம் இல்லை. இதை யாரும் யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை, சாப்பாட்டு நேரம் எப்போது என்று தெரிந்துகொள்வதுபோல் தானாகத் தெரிந்துகொண்டோம். எங்களுக்குள் அதற்கு ‘மானம் காக்கிற அட்டை’ என்று பெயர்கூட வைத்துச் சிரித்துக்கொள்வோம்.

அந்த மானத்துக்கு என்ன விலை என்று நான் யோசித்ததே இல்லை. போன மாதம் எவ்வளவு கொடுத்தோமோ அந்தக் கணக்குப்படிதான் அடுத்த மாதம் மருந்து வரும். மாதப் பாதியில் மாத்திரை தீர்ந்துபோனால் பாதிப் பேருக்குத்தான் கொடுத்திருப்போம். கிடங்கில் இருப்பவர் தாளைப் பார்ப்பார். செலவு பாதிதான், கையிருப்பு வேறு இருக்கிறது, சரி, தாராவியில் வலிப்பு குறைந்துவிட்டது என்று முடிவு செய்து பாதியை அனுப்புவார். அதற்கடுத்த மாதம் அதிலும் பாதி. வெறுங்கையோடு திரும்பிப் போனவர்கள் எந்தத் தாளிலும் இல்லை. ஊர் முழுக்க இப்படிப் பொய் எழுதிக்கொண்டிருந்தோம். எழுதியவர்கள் கெட்டவர்கள் இல்லை. நானும் என்னைக் கெட்டவளாக நினைத்துக்கொண்டதில்லை.

அப்படித் திரும்பிப் போனவர்களில் ஒருவர் இட்லிக்கார அக்கா. திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். எங்கள் நிலையத்துக்கு இரண்டு சந்து தள்ளி இட்லி அவிப்பார், வீட்டுக்காரர் அதைச் சைக்கிளில் வைத்து சயான், மாட்டுங்கா பக்கம் விற்கப் போவார். அக்காவுக்குச் சிறு வயதிலிருந்தே வலிப்பு. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாத்திரை எடுத்துக்கொண்டதில் ஆறு வருடமாக ஒரு தடவைகூட வந்ததில்லை. கொதிக்கும் இரண்டு பெரிய கொப்பரைகளுக்கு நடுவில் நிற்கிற பெண்ணுக்கு அந்த இரண்டு மாத்திரைதான் காவல். அது எனக்கு நன்றாகவே தெரியும். தெரிந்தும், “மாத்திர வந்துட்டாம்மா?” என்று அவர் ஜன்னலில் எட்டிப் பார்த்தபோதெல்லாம், “அடுத்த வாரம் வாங்க அக்கா” என்றேன். நான்கு வாரம் இப்படிச் சொன்னேன். கொஞ்ச நாள் வெளியே கடையில் வாங்கினார். பிறகு கட்டுப்படியாகாமல் இரண்டை ஒன்றாகக் குறைத்துக்கொண்டார், அதன்பின் அதுவும் இல்லை. இதெல்லாம் எனக்குப் பின்னால்தான் தெரிந்தது.

டாக்டர் மேடம் எங்கள் நிலையத்துக்குப் பொறுப்பேற்று வந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்காது. விதர்பா பக்கத்து மராட்டிப் பெண், என்னைவிடப் பத்துப் பன்னிரண்டு வயது இளையவர். தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஒல்லியான உடம்பு, வேகமான நடை, எங்களோடு உட்கார்ந்து எங்கள் ரசத்தையே குடிப்பார். அவரிடம் ஒரே ஒரு தொந்தரவு. மதியம் கவுன்டர் மூடும் நேரத்தில் தினமும் வந்து நின்று கேட்பார்: “கித்னே லோக் வாபஸ் கயே?” எத்தனை பேர் திரும்பிப் போனார்கள். வந்தவர்கள் எத்தனை பேர் என்றுதான் அதுவரை எங்களை எல்லோரும் கேட்டிருக்கிறார்கள். எனக்கு எரிச்சலாக வரும். யாரும் இல்லை மேடம் என்று சொல்லிவிட்டு ஷட்டரை இறக்குவேன்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை எட்டரை மணி இருக்கும். இட்லிக்கார அக்காவை அவர் வீட்டுக்காரரும் பக்கத்து வீட்டுக்காரரும் தூக்கிக்கொண்டு வந்தார்கள். அடுப்படியில் வலிப்பு வந்து விழுந்ததில் வலது கை கொப்பரைக்குள் போய்விட்டது. முழங்கையிலிருந்து விரல் நுனி வரை வெந்திருந்தது. மேடம் அந்தக் கையில் ஈரத்துணி சுற்றி, பெரிய ஆஸ்பத்திரிக்கு வண்டி சொல்லிவிட்டு, அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்தார். அக்காவுக்கு இந்தி நன்றாகவே வரும். அந்த வலியில் தமிழ்தான் வந்தது. “நாலு வாரமா வாறேன். அடுத்த வாரம், அடுத்த வாரம்னு சொல்லுதாவ. நான் என்ன செய்வேன்?” என்று என்னைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துச் சொன்னார். என்ன சொல்கிறார் என்று மேடம் என்னிடம் கேட்டார். மொழிபெயர்க்க அந்த அறையில் நான்தான் இருந்தேன். மாத்திரை நின்றுபோயிற்றாம் என்று மட்டும் சொன்னேன். மீதியை விழுங்கிவிட்டேன்.

வண்டி போனபிறகு மேடம் நேராகப் பதிவேட்டை எடுத்தார். வலிப்பு மாத்திரை, கையிருப்பு பத்து. பத்து இருக்கிறதே, இவருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கேட்டார். டிராயரைத் திறந்தேன். அவர் அந்த அட்டையை எடுத்து மேசைமேல் வைத்துவிட்டு எதிரில் உட்கார்ந்தார். நான் எல்லாவற்றையும் சொன்னேன். சிவப்பு வட்டம், கடிதம், மானம் காக்கிற அட்டை, சற்றுமுன் நான் விழுங்கிய மொழிபெயர்ப்பு எல்லாம். அவர் திட்டினால் தேவலாம் என்றிருந்தது. திட்டவில்லை. இந்தியில் சொன்னார்: “இனிமேல் பூஜ்யம் என்றால் பூஜ்யம் என்று எழுதுங்கள். கீழே கையெழுத்து என்னுடையது. திட்டு வந்தால் எனக்கு வரட்டும்.” இத்தனை வருட வேலையில் இப்படி ஒரு வார்த்தையை எந்த அதிகாரியிடமும் நான் கேட்டதில்லை.

அன்று மதியம் புதிதாக ஒரு நோட்டு வாங்கி வரச் சொன்னார். திரும்பிப் போகிறவர்களின் பெயர், மருந்து, தேதி. அவ்வளவுதான் அந்த நோட்டு. வாசலில் ஒரு கரும்பலகை மாட்டி, என்ன மருந்து இருக்கிறது, என்ன இல்லை என்று மூன்று மொழியில் எழுதவைத்தார். தமிழில் எழுதியது நான். முதல் நாள் ‘இல்லை’ என்று எழுதும்போது, நடுத்தெருவில் என் வீட்டுக் குறையைச் சொல்வதுபோல் கூசியது. மாதக் கடைசியில் ஆறு மருந்துகளுக்குப் பூஜ்யம் போட்டு அனுப்பினோம். சிவப்பு வட்டங்கள் வந்தன, கடிதம் வந்தது, நேரில் வரச்சொல்லி மேடமுக்கு உத்தரவும் வந்தது. அவர் என்னையும் கூட்டிக்கொண்டு போனார், கையில் அந்த நோட்டோடு.

கிடங்கு அதிகாரி ஒன்றும் அரக்கர் இல்லை, சர்க்கரை போடாத டீ குடித்துக்கொண்டிருந்த வயதானவர். எல்லா நிலையங்களின் தாளையும் விரித்துக் காட்டி, “பாருங்கள், எல்லா இடத்திலும் சரியாக இருக்கிறது, உங்களிடம் மட்டும்தான் பற்றாக்குறை” என்றார். மேடம் அந்தத் தாளில் விரலை வைத்து, “எல்லா இடத்திலும் சரியாகப் பத்து இருக்கிறது சார், கவனித்தீர்களா?” என்றார். அவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். பத்து, பத்து, பத்து, மறுபடியும் பத்து. பிறகு நோட்டை வாங்கிப் பக்கம் பக்கமாகப் படித்தார். அவருக்கு உண்மையை யாரும் சொன்னதில்லை. சொன்னவர்களை அவர் விட்டுவைத்ததும் இல்லை. அடுத்த மாதத்திலிருந்து, கொடுத்த கணக்கோடு திரும்பிப் போனவர் கணக்கையும் கூட்டி மருந்து அனுப்பினார். மற்ற நிலையங்களுக்கும் அதே மாதிரி நோட்டு போகச் செய்தார். புதுக் கட்டடம் எதுவும் வரவில்லை, புது ஆள் வரவில்லை, மருந்தும் அதே கிடங்கில் இருந்த மருந்துதான். மூன்றே மாதத்தில் எங்கள் நோட்டில் ஒரு நாளைக்கு ஒரு பெயர் விழுந்தால் அதிகம்.

இட்லிக்கார அக்காவின் கை ஆறியது. இரண்டு விரல் மட்டும் மடங்கியபடியே நின்றுவிட்டது. மேடம் அவரை ஒரு வேலைக்கு அழைத்தார். திங்கட்கிழமை தோறும் வந்து மருந்து அலமாரியைச் சரிபார்க்க வேண்டும், பலகையில் எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றுதானா என்று. “எனக்குப் படிக்கத் தெரியாதும்மா. எண்ணத் தெரியும்” என்றார் அக்கா. தட்டில் இட்லியை எண்ணுவதுபோல் நான்கு நான்காக எண்ணுவார். அவர் எண்ணிச் சொல்ல நான் எழுதுவேன். அப்படி ஒரு திங்கட்கிழமை, எண்ணிக்கொண்டே கேட்டார்: “அன்னைக்கு டிராயர்ல ஒரு அட்ட இருந்துச்சாம்லா, நெசமா?” ஆமாம் அக்கா என்றேன். அவர் கை நின்றது. “பத்து மாத்திர. எனக்கு அஞ்சு நாளைக்கு ஆயிருக்கும்லா” என்றார். அவ்வளவுதான். மறுபடி எண்ண ஆரம்பித்துவிட்டார். நான் மன்னிப்புக் கேட்டேனா என்றால், கேட்டேன். அவர் காதில் விழுந்ததா என்று தெரியாது. அந்த ஐந்து நாள் இன்றைக்கும் என் நெஞ்சில் கிடக்கிறது.

இரண்டரை வருடத்தில் மேடமுக்கு மாற்றல் வந்தது. தண்டனையும் இல்லை, பரிசும் இல்லை, வழக்கமான மாற்றல். கடைசி நாளும் கவுன்டர் மூடும்போது வந்து நின்று அதே கேள்வியைக் கேட்டார். ஒருவர் என்றேன், பெயரையும் சொன்னேன். தலையாட்டிவிட்டுப் போனார். பிறகு அவரை நான் பார்க்கவில்லை. நான் ஓய்வு பெறும்வரை அந்த நோட்டை எழுதினேன்.

இப்போது நான் இருப்பது திலக் நகரில். ரத்த அழுத்தத்துக்கு மாதாமாதம் செம்பூர்ப் பக்கத்தில் ஒரு புது நிலையத்தில் மாத்திரை வாங்குகிறேன். டைல்ஸ் தரை, டோக்கன் மெஷின், கரும்பலகை இருக்க வேண்டிய இடத்தில் பெரிய திரை. போன வாரம் போயிருந்தபோது என் மாத்திரைக்கு நேரே பச்சை எழுத்தில் ‘உள்ளது’ என்று ஓடிக்கொண்டிருந்தது. கவுன்டரில் களைத்த முகத்தோடு நாற்பது வயது மதிக்கத்தக்க ஒரு தமிழர். என் சீட்டைப் பார்த்ததும், “ஸ்டாக் இல்லம்மா. அடுத்த வாரம் வாங்க” என்றார். அந்தக் குரல் எனக்குத் தெரியும். அது என்னுடையது. எனக்குப் பின்னால் நின்றவர் மான்குர்த்திலிருந்து வந்த வாட்ச்மேன். அதே மாத்திரைக்காக அரை நாள் லீவு போட்டு வந்தவர். இரண்டு வாரமாக மருந்தில்லை, தலை சுற்றுகிறது என்று வரிசையில் நின்றபோதே என்னிடம் சொல்லியிருந்தார்.

நான் குனிந்து மெதுவாகக் கேட்டேன், அட்டை எந்த டிராயரில் இருக்கிறது என்று. அவர் முகம் மாறியது. நானும் இந்த வேலைதான் பார்த்தேன் என்றேன். “பூஜ்யம் போட்டா செவப்பு வந்துரும்மா. ஒடனே மேலேருந்து போன் வரும்” என்றார். அவரைக் குறை சொல்ல எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? திட்டு எனக்கு வரட்டும் என்று சொல்ல அவருக்கு ஒரு மேடம் கிடைக்கவில்லை. ஒரு நல்ல மனுஷி இருந்தவரைக்கும் நடந்த காரியம், அவர் இல்லாதபோதும் நடக்கும்படி யாரும் செய்துவைக்கவில்லை. என் வீட்டில் இன்னும் நாலு நாளைக்கு மாத்திரை இருந்தது. “அதைப் பின்னாடி நிக்கறவருக்குக் குடுத்துடுங்கோ. எனக்கு இல்லைன்னு எழுதுங்கோ. போன் வந்தா, ஒருத்தி திரும்பிப் போனா, பேரைக் குறிச்சு வெச்சிருக்கேன்னு சொல்லுங்கோ” என்றேன்.

அவர் என் பின்னால் நின்றவரை எட்டிப் பார்த்தார். பிறகு டிராயர் திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு பழைய சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பி, பேனாவை எடுத்து, “பேர் சொல்லுங்கம்மா” என்றார். சொன்னேன். வெளியே வரும்போது திரையைப் பார்த்தேன். என் மாத்திரைக்கு நேரே சிவப்பு எழுத்து வந்திருந்தது.