செகண்ட்ஸ் வண்டியும் மரகதம் டீச்சரும்

பாலக்கோடு பேருந்தில் ஏறி உட்கார்ந்தபோது பள்ளியின் வாட்ஸ்அப் குழுவில் செய்தி வந்தது. மரகதம் டீச்சர் போய்விட்டார். நெஞ்சுவலி, ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோவதற்குள் முடிந்துவிட்டதாம். செய்திக்குக் கீழே கும்பிடும் கைகள் வரிசையாக வந்து விழுந்தன. அவற்றில் பாதி, அவர் உள்ளே வந்தாலே ஸ்டாஃப் ரூமை விட்டு நழுவுகிறவர்களுடையவை.

இரங்கல் கூட்டத்தில் ஒருவர் அவரைக் கனிவின் வடிவம் என்றார். கனிவாம்! பக்கத்து நாற்காலியில் இருபது வருடம் உட்கார்ந்தவள் சொல்கிறேன், அந்த அம்மாவிடம் கனிவு கிடையாது. வாய் உண்டு. அந்த வாயால்தான் என் மகள் தப்பித்தாள், மாரண்டஹள்ளியில் இருக்கும் என் ஒன்றரை ஏக்கர் நிலமும் தப்பித்தது.

எங்கள் உடற்பயிற்சி ஆசிரியர் பழைய ஏழு சீட்டு வண்டி ஒன்றை வாங்கிவந்து பள்ளி வாசலில் நிறுத்தி, எல்லோருக்கும் லட்டு கொடுத்தார். பாதி விலைக்கு அடித்துவிட்டாராம். மரகதம் டீச்சர் லட்டைத் தின்றுகொண்டே வண்டியை ஒரு சுற்றுச் சுற்றினார். "வாங்குன விலையச் சொல்லாதீங்க சார், வெச்சிக்கிற செலவச் சொல்லுங்க" என்றார். சார் சிரித்தார். அப்புறம் கிளட்ச், டயர், ஏசி என்று ஒவ்வொன்றாகக் கையைக் கடித்து, மனிதர் பழையபடி பைக்கில் வரத் தொடங்கினார். வண்டி அவர் வீட்டு முன்னால் ராகி காயப்போடும் படுதாவைப் போர்த்திக்கொண்டு நின்றது. டீச்சர் ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. "லட்டு நல்லா இருந்துச்சு சார்" என்றதோடு சரி.

என் மகள் நித்யாவுக்கு இண்டூரிலிருந்து ஓர் இடம் வந்தது. பையனுக்கு ஓசூரில் கம்பெனி வேலை. என் கணவர் இல்லாத வீடு, பேச்சுக்கு ஆள் வேண்டுமென்று டீச்சரைக் கூப்பிட்டு உட்கார வைத்திருந்தேன். நகையெல்லாம் பேசி முடித்தபின் பையனின் அப்பா தொண்டையைச் செருமினார். பெருந்தன்மை முகத்தில் வழிந்தது.

"புது வண்டியெல்லாம் நாங்க கேக்கலீங்க. செகண்ட்ஸ் போதும். பெங்களூர்ல ஒண்ணு பார்த்து வெச்சிருக்கோம். பெரிய வண்டி, எட்டு லட்சம்தான்."

எட்டு லட்சம்தானாம். மனதுக்குள் நான் ஏற்கெனவே நிலத்தை விற்றுக்கொண்டிருந்தேன். அவளுக்கு வயது ஏறுகிறது, இதையும் விட்டால் என்ன செய்வது என்ற பயம்.

"எவ்ளோ மைலேஜ் குடுக்குதுங்க?" என்று கேட்டார் டீச்சர்.

"பன்னெண்டு வரும்ங்க."

"கர்நாடகா நம்பர மாத்தோணுமே. அந்த வரி?"

"வாங்கிக் குடுக்கறவங்க மாத்திக் குடுக்க மாட்டீங்களா?"

"டயரு, இன்சூரன்சு?"

"அதுவும் பொண்ணு வூட்டு மொறதானுங்களே."

"டீசல்?"

அவர் கொஞ்சம்கூடக் கூசவில்லை. "பையன் இப்பத்தான வேலைக்குப் போறான். ரெண்டு வருசம் நீங்க பார்த்துக்கிட்டா அப்புறம் அவனே பார்த்துக்குவான்."

டீச்சர் தலையை ஆட்டினார். "வண்டி எங்களுது, வரி எங்களுது, டீசலும் எங்களுது. அப்ப உங்க பையன் எதுக்குங்க? டிரைவர் வேணும்னா நாங்களே சம்பளத்துக்கு வெச்சிக்கறோம்."

சமையலறையிலிருந்து நித்யா சிரித்தது கூடத்துக்கே கேட்டது. வந்தவர்கள் எழுந்து போனார்கள். கூட வந்த தரகர் மட்டும் நின்று காபியைக் குடித்து முடித்துவிட்டுப் போனார்.

சொந்தக்காரர்கள் டீச்சரைத் திட்டாத திட்டில்லை. திமிர் பிடித்தவள், குடும்பம் பண்ணாதவளுக்கு என்ன தெரியும், ஒரு பெண்ணின் வாழ்க்கையைக் கெடுத்துவிட்டாள் என்றார்கள். திட்டியவர்களில் ஒருவராவது எட்டு லட்சத்தில் எட்டாயிரம் தருகிறேன் என்று சொன்னதில்லை. நான் மட்டும் மறுநாள் ஸ்டாஃப் ரூமில் அழுதுகொண்டே, "கல்யாணம் நின்னு போச்சே டீச்சர்" என்றேன். "கல்யாணம் எங்க நின்னுச்சு? பேரம்தான் நின்னுச்சு. மூஞ்சியக் கழுவிட்டு வாங்க, பெல் அடிச்சிட்டாங்க" என்றார்.

நித்யாவுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. தருமபுரியில் லேப் ஒன்றில் வேலை செய்கிறாள், நன்றாகச் சாப்பிடுகிறாள், நன்றாகத் தூங்குகிறாள். என் வயலில் இப்போது தக்காளி நிற்கிறது.

டீச்சரின் காரியம்கூட முடியவில்லை, அதற்குள் அந்தத் தரகர் போன் செய்தார்.

"அந்த டீச்சர் தவறிட்டாங்களாமே, பாவமுங்க. அதான், இனிமே குறுக்க யாரும் இல்லீங்களே. அதே இண்டூர் பையன்தான், இன்னும் அமையலீங்க. இப்ப வண்டி வெலயும் எறங்கிப்போச்சு, அஞ்சு லட்சத்துக்கே முடிச்சிரலாமுங்க."

பக்கத்தில் நின்ற நித்யா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். எதிர்த்துப் பேசத் தெரியாதவள் என்று ஊரெல்லாம் எனக்குப் பெயர். மரகதம் டீச்சரிடமிருந்து எனக்கென்று மிஞ்சியிருப்பது அந்த வாய்தான். அதை முதன்முதலாகத் திறந்தேன்.

"வண்டி வெல எறங்குனது சரிங்க. பையன் வெல எவ்ளோ எறங்கியிருக்குன்னு கேட்டுச் சொல்லுங்க."