துறைமுகத்து வலிக்கு அம்பத்தூரில் சேம்பர்

கப்பலுக்கு அடியில் இறங்கி வேலை பார்க்கும் தொழிலில், மேலே வந்த பிறகுதான் ஆபத்து ஆரம்பிக்கும். மனு கொடுத்து, மனு கொடுத்ததற்கு ரசீது கேட்டு, அந்த ரசீதுக்காகவும் ஒரு மனு எழுதிய உங்களுக்கு இது எளிதாகப் புரியும்.

நான் டைவர் இல்லை. டைவரின் இடுப்புக் கயிற்றைப் படகிலிருந்து பிடித்துக்கொள்கிறவன். பள்ளிக்கூடம் எட்டாவதோடு முடிந்தது. மிச்சத்தைத் துண்டுப் பிரசுரங்கள் சொல்லிக்கொடுத்தன. எண்பதுகளின் கடைசியில் ஒரு காண்ட்ராக்ட் கம்பெனியில் நாற்பது பேரைச் சேர்த்துச் சங்கம் கட்டி, செயலாளரானேன்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். ஆழத்தில் இருக்கிறவன் ரத்தத்தில் காற்று கரைந்திருக்கும். அவன் அவசரமாக மேலே வந்தால், கோலி சோடாவை உடைத்த மாதிரி அது குமிழாகக் கிளம்பி மூட்டிலும் முதுகுத்தண்டிலும் சிக்கிக்கொள்ளும். சேம்பர் என்கிற இரும்பு உருளைக்குள் ஆளைப் படுக்கவைத்து, அழுத்தம் ஏற்றி, மணிக்கணக்கில் மெதுவாக இறக்கினால் குமிழ் கரையும். தாமதித்தால் கால் போய்விடும். கம்பெனியிடம் சேம்பர் இருந்தது. வேலை துறைமுகத்தில், சேம்பர் அம்பத்தூர் எஸ்டேட் பட்டறையில். வேனில் ஒரு மணி நேரம். அதைத் துறைமுகத்துக்குக் கொண்டுவா என்றோம்.

மஞ்சள் அலமாரி

அதை முதன்முதலில் பார்க்கப் போனபோது வாட்ச்மேன்தான் கதவைத் திறந்து காட்டினார். டெண்டர் கொடுக்கிற அதிகாரிகள் பார்க்க வருவார்கள் என்பதற்காக வெளியே பளிச்சென்று மஞ்சள் பெயின்ட் அடித்திருந்தார்கள். உள்ளே, நோயாளி படுக்க வேண்டிய பலகையில் பதினோரு டிபன் கேரியர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

நான் முழக்கம் போடுவதற்குள் வாட்ச்மேன் பெருமையாகச் சொன்னார்: "கதவைச் சாத்திட்டா ஈ எறும்பு பூராது நைனா. இந்த எஸ்டேட்டுல யாராண்டயும் இப்பிடி ஒரு அலமாரி கெடையாது."

தைலம்

யாகூப் பூந்தமல்லிக்காரன். எங்கள் டைவர்களில் முதல் ஆள். ஒருநாள் வேலை முடிந்து வீடு திரும்பியவனுக்குத் தோள்பட்டையில் குடைச்சல். சேம்பருக்கு மேனேஜர் கையெழுத்து வேண்டும், மேனேஜர் லீவு. கரையான்சாவடியில் ஒரு டாக்டரிடம் கூட்டிப்போனேன். ரத்தம், காற்று, குமிழ் என்று எனக்குத் தெரிந்த விஞ்ஞானம் முழுவதையும் விளக்கினேன். அவர் குறுக்கே பேசாமல் கேட்டார். வாதம் என்று எழுதினார்.

சீட்டைக் கிழித்துக் கொடுக்கும்போது மட்டும் கேட்டார்: "கடல் எங்க இருக்கு, கரையான்சாவடி எங்க இருக்கு? தைலம் தேய்ச்சுட்டு வாங்க."

ஒருநாள் முன்பாக

அந்த வலி தானாகவே அடங்கியது. நான் அடங்கவில்லை. விடாமல் மனு கொடுத்ததில் மேனேஜர் இறங்கிவந்து, சேம்பரைப் பயன்படுத்த ஒரு படிவம் அச்சடித்தார். மூன்று நகல், காரணம் குறிப்பிட வேண்டும், சிகிச்சை தேவைப்படும் நாளுக்கு ஒருநாள் முன்பாக அலுவலகத்தில் சேர்க்க வேண்டும்.

யாகூப் படிவத்தை வாங்கி, மேனேஜர் மேஜையிலிருந்தே பேனாவை எடுத்துக்கொண்டு சொன்னான்: "சரி சார், நாளைக்கி மதியானம் ரெண்டு மணிக்கு எனக்கு முட்டி வலிக்கும். இன்னிக்கே எழுதிக்கங்க."

மறியல்

படிவத்தைக் கொளுத்தினோம். சேம்பர் எந்த நேரமும் இயங்க வேண்டும் என்று பட்டறை வாசலில் மறியல். துறைமுக வேலையை நிறுத்தவில்லை. யாகூபும் வேறு இரண்டு பேரும் அங்கே போயிருந்தார்கள். வாசலில் மட்டும் ஒரு ஈயும் நுழையக்கூடாது என்று உத்தரவு போட்டேன்.

காலை எட்டு மணிக்கு தேவராஜ் சைக்கிளில் வந்தார். கடற்படையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர், அண்ணனூரில் வீடு. அந்தச் சேம்பரை இயக்கத் தெரிந்த ஒரே ஆள். "நான் இல்லாட்டி அது ஓடாது தலைவரே" என்றார். "ஓடலைன்னாத்தான் முதலாளிக்கு உறைக்கும்" என்றேன். பாட்டாளி ஒற்றுமை பற்றிக் கால் மணி நேரம் பேசி, கையில் ஒரு பிரசுரமும் கொடுத்துத் திருப்பி அனுப்பினேன்.

பதினொன்றரைக்குத் துறைமுகத்து வேன் வந்தது. உள்ளே யாகூப் படுத்திருந்தான். இடுப்புக்குக் கீழே ஒன்றும் தெரியவில்லை என்றான். கூட்டம் இரண்டாகப் பிளந்து வழிவிட்டது. டிபன் கேரியர்களை நாங்களே வெளியே எடுத்துவைத்தோம். ஆபரேட்டர் எங்கே என்று யாரோ கேட்டபோது எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். ஸ்கூட்டரில் ஒரு தோழர் அண்ணனூர் போனார், தேவராஜ் வீட்டில் இல்லை, படத்துக்குப் போயிருந்தார். ஆவடியில் ஒரு சினிமா கொட்டகையில் ஸ்லைடு போடச் சொல்லி வெளியே வரவழைத்தார். ஒன்றே முக்கால் மணிக்கு தேவராஜ் வந்து இறங்கினார். கை வால்வுகளைத் திறந்துகொண்டிருக்க, வாய் எனக்குப் பதில் சொன்னது: "வேலைக்கி வந்தவனைப் படம் பாக்க அனுப்புனீங்க. படம் பாக்க ஒக்காந்தவனை வேலைக்கி இட்டுகினு வந்துகீறீங்க. சங்கத்துல எதனா ஒண்ணு முடிவு பண்ணுங்க."

என் வேட்டி

உள்ளே ஆக்சிஜன் கொடுப்பார்கள். பாலியஸ்டரில் பொறி கிளம்பினால் தீப்பிடிக்கும், பருத்தித் துணிதான் கட்டலாம். அங்கே சுத்தமான பருத்தி என்று இருந்தது என் கதர் வேட்டி ஒன்றுதான். அதை யாகூபுக்குக் கட்டிவிட்டு, நான் சங்கக் கொடியை இடுப்பில் சுற்றிக்கொண்டேன். டாக்டர் ஒருவர் போனில் சொல்லச் சொல்ல, தேவராஜ் அழுத்தத்தை ஏற்றினார். கனத்த கண்ணாடி ஜன்னல் வழியே யாகூபின் கால் விரல்களை மாறி மாறிப் பார்த்தோம். அவை சும்மா இருந்தன.

அவன் மனைவி நூர்ஜஹான் பஸ் பிடித்து வந்து சேர்ந்தாள். நடந்ததை நானே சொன்னேன். கம்பெனியின் குற்றத்தைச் சொல்ல எனக்குப் பத்து நோட்டீஸ் போதாது. ஆனால் அந்த இரண்டேகால் மணி நேரம் நான் செய்தது. அவள் என்னைத் தலையிலிருந்து கொடி வரைக்கும் பார்த்தாள். "காலு வந்துச்சுன்னா மத்ததை ஊட்டாண்ட வந்து பேசிக்கறேன் அண்ணே. வரலன்னா இதே கேட்டுல நான் வந்து படுப்பேன். என்னை யாரு எழுப்பறாங்கன்னு பாக்கறேன்."

நாலு மணி வாக்கில் வலது கால் பெருவிரல் அசைந்தது. முதலில் பார்த்தது அவள்தான். கேட் வரைக்கும் செய்தி போய், மேனேஜர் அறையிலிருந்துகூடக் கைதட்டல் கேட்டது. பொழுது சாயும்போது யாகூப் சுவரைப் பிடித்துக்கொண்டு தன் காலில் வெளியே வந்தான். இடது பாதத்தில் கொஞ்சம் மரப்பு நின்றுவிட்டது. அதன்பின் அவன் இறங்கவில்லை, என் பக்கத்தில் கயிறு பிடித்தான். அன்றைக்கு வெளியே வந்ததும் மூச்சை நன்றாக இழுத்துவிட்டு அவன் சொன்னது: "அண்ணாத்தே, உள்ள இன்னும் சாம்பார் வாசனை கீது."

ஒப்பந்தம்

மறுவாரமே பேச்சுவார்த்தை. சேம்பர் துறைமுகத்துக்குப் போகும், ஷிப்டுக்கு ஒரு ஆபரேட்டர் இருப்பார், படிவம் கிடையாது. ஒவ்வொன்றுக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார்கள். கடைசி ஷரத்தை நான் எழுதிவந்திருந்தேன். மேனேஜர் இரண்டு தடவை படித்துவிட்டு, "இது எங்க கோரிக்கை மாதிரி இருக்கே" என்றார்.

இத்தனை வருஷப் போராட்டத்தில் முதலாளி மறுபேச்சில்லாமல் ஒப்புக்கொண்ட என் ஒரே கோரிக்கை, நான் மறியல் செய்யும்போது ஆபரேட்டரை என்னிடமிருந்து காப்பாற்ற வேண்டும் என்பதுதான்.