ஒருமுறை அழுத்திவிட்டுக் காத்திருந்த பெண்

ஈஜிபுராவில் எங்கள் வாடகை வீட்டின் முன்னறையில் மகள் கம்ப்யூட்டர் கிளாஸ் நடத்தினாள். மெஷினுக்குத் தூசி ஆகாதென்று எல்லோரும் செருப்பை வெளியே விடுவார்கள். வாசலில் உட்கார்ந்து அவற்றைப் பார்த்துக்கொள்வது என் வேலை. நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்க்காதவள். கூட்டம் எவ்வளவென்று செருப்பைப் பார்த்தே தெரிந்துகொள்வேன்.

அப்போதெல்லாம் எந்தக் கிளாஸில் பார்த்தாலும் மெஷினை ஓட்ட விலைக்கு விற்கிற சிஸ்டத்தின் திருட்டுக் காப்பிதான் ஓடும். எங்கள் வீட்டிலும் அதுதான். ஒருநாள் அதற்காகப் பின்தெருக் கிளாஸுக்குப் போலீஸ் வந்து எல்லா மெஷினையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனது. மகள் அன்று சாப்பிடவில்லை. இருந்ததையெல்லாம் அழித்துவிட்டு லினக்ஸ் என்று ஒன்றைப் போட்டாள்.

"இது யாரோடதுடி?"

"எல்லாரோடதும்தாம்மா. எங்கெங்கயோ இருக்கறவங்க எழுதி, யார் வேணா எடுத்துக்கோன்னு விட்டிருக்காங்க. போலீஸ் வந்தாலும் பயமில்ல."

பயம் படிக்க வந்தவர்களுக்கு. "மேடம், கம்பெனில இதையா கேக்கறாங்க?" என்பார்கள். வாசலில் செருப்பு குறைந்தது.

விடாமல் வந்தவர்களில் ஒருத்தி கார்மெண்ட்ஸில் தையல் வேலை பார்த்தவள். டைப்பிங்கில் கெட்டி. பொம்மனஹள்ளியில் ஒரு கம்பெனிக்கு டேட்டா என்ட்ரி டெஸ்டுக்குப் போனாள். எங்கள் மெஷினில் திரையில் இருக்கிற சின்னப் படத்தை மவுஸால் ஒருமுறை அழுத்தினால் திறந்துவிடும். அங்கே சேர்ந்தாற்போல் இரண்டு முறை அழுத்தவேண்டும். இவள் ஒருமுறை அழுத்திவிட்டு, மெஷின் மெதுவாக வரும்போல என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். கேட்கக் கூச்சம். நேரம் முடிந்தது, அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் அவள் அம்மா வந்தாள். "என்னக்கா, ஓசில கெடச்சதப் போட்டு எங்க புள்ளைக்குக் கத்துக் குடுத்தீங்களா? இனி அது தையல் மெஷின்லயே முதுகு ஒடியணுமா?"

மகள் உள்ளேயிருந்து வந்து, "தப்பு என்னோடதுதாங்க" என்றாள்.

"உன் தப்ப வெச்சிக்கினு நான் இன்னா பண்றது?" என்று சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள்.

அந்த மாதமே கிளாஸை மூடினோம். மெஷின்களை வாங்க ஜீவனஹள்ளியிலிருந்து இன்னொரு கிளாஸ்காரர் வந்தார். ஒன்றைப் போட்டுப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினார். "இது பேடம்மா, வேணாம். எல்லாரும் வெச்சிருக்கறதப் போட்டுக் குடு, எடுத்துக்கறேன்."

"அது வெல குடுத்து வாங்கணும் சார்" என்றாள் மகள்.

"எந்த ஊர்ல இருக்கம்மா நீ?" என்று சிரித்துக்கொண்டே பையிலிருந்து திருட்டுக் காப்பி சிடி ஒன்றை எடுத்து நீட்டினார்.

மகள் அதைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு உட்கார்ந்து ஒவ்வொரு மெஷினாகப் போட ஆரம்பித்தாள். நான் காபி கொண்டுபோனேன்.

"கிட்ட வெக்காதம்மா, கொட்டிடப் போவுது. அவரு மெஷின்" என்றாள்.