மஹ்லப் வாங்கக் கிரீன் லேன்ஸ் போன கதை

கடந்த நோன்புப் பெருநாளுக்கு மூன்று நாள் முன்புதான் இந்தப் பயணம். எங்கள் மேல் ஃபிளாட்டில் இருக்கும் சமீரா அலெப்போக்காரி. அவளுடைய தாய் அங்கே இறந்து ஆறு கிழமை. போக வழியில்லை. அவள் அழவுமில்லை, தாயைப் பற்றிக் கதைக்கவுமில்லை. “இந்த வருஷம் பெருநாள் பிஸ்கட் இல்லை அக்கா” என்று மட்டும் சொன்னாள். (எங்கள் பேச்செல்லாம் இங்கிலிஷ்தான், ‘அக்கா’ மட்டும் தமிழ்.) என் அம்மாவின் செத்தவீட்டை நானும் டெலிபோனில்தான் கேட்டேன். சும்மா இருப்பேனா? சாமான் நான் வாங்கித் தருகிறேன், நீ மாவைக் குழை என்றேன். வீட்டில் இல்லாதது மஹ்லப் ஒன்றுதான். ஒருவகைச் செர்ரிப் பழத்தின் கொட்டையை உடைத்து எடுக்கிற பருப்பு அது, பிஸ்கட் மாவில் வாசத்துக்குச் சேர்ப்பது.

எங்கள் மிட்சம் நிறுத்தத்தில் காலை 9.40க்கு டிராம். விம்பிள்டனில் ரயில், வொக்ஸ்ஹோலில் விக்டோரியா லைன், ஃபின்ஸ்பரி பார்க்கில் பிக்கடில்லிக்கு மாறி டேர்ன்பைக் லேன். ஒன்றேகால் மணித்தியாலம். பிறகு கிரீன் லேன்ஸ் கடைத்தெருவுக்குப் பத்து நிமிட நடை. முழங்கால் நோவுள்ளவர்கள் 29ஆம் நம்பர் பஸ் எடுக்கலாம்.

துருக்கிக் கடைக்காரர் ஒரு பருப்பை என் உள்ளங்கையில் வைத்தார். மென்றால் பாதாம் வாசம், கடைசியில் சின்னக் கசப்பு. தூளாக வாங்கினால் வாசம் போய்விடும், குழைக்கிற நேரம் அரைத்துக்கொள் என்றார். ஐம்பது கிராம் 3.20 பவுண்.

அரைத்தது என் கிரைண்டரில்.

“வடிவாக் கழுவினனீரோ?” என்று என் மனுசன் கேட்டார்.

“ஓம், ரெண்டு தரம். உங்களுக்கு எல்லாத்திலயும் சந்தேகம்.”

பொழுதுபட்டு நோன்பு திறந்த பிறகு, வெந்த முதல் பிஸ்கட்டைச் சமீரா கடித்தாள். இருமினாள், கண்ணால் தண்ணீர் வந்தது. “அக்கா, உறைக்குது.” நானும் கடித்துப் பார்த்தேன். பன்னிரண்டு வருஷம் யாழ்ப்பாணத்து மிளகாய்த்தூள் அரைத்த கிரைண்டர், இரண்டு கழுவலுக்கு விட்டுக்கொடுக்குமா? வெட்கத்தில் எனக்கு உயிரே போய்விட்டது.

சமீரா சிரிக்கத் தொடங்கினாள். “என் அம்மா இருந்திருந்தால் உங்களைக் குசினிக்குள்ளேயே விட்டிருக்க மாட்டா” என்றாள். அப்படியே அந்தச் சிரிப்பு அழுகையாகிவிட்டது. ஆறு கிழமையாக அடக்கி வைத்திருந்த அழுகை. நான் அவளைப் பிடித்துக்கொண்டிருந்தேன். அவளுடைய பிள்ளைகள் இரண்டும் உறைப்புக்குப் பாலைக் குடித்துக் குடித்து ஒரு தட்டை முடித்திருந்தார்கள்.

போகிறவர்களுக்கு: வார நாளில் காலையில் போங்கள். பருப்பாகவே வாங்குங்கள், ஒரு கிலோ மாவுக்கு இரண்டு தேக்கரண்டி காணும். அரைக்கத் தனிக் கிரைண்டர் வையுங்கள். நானும் புதிதாக ஒன்று வாங்கிவிட்டேன்.

ஆனால் மஹ்லப் அரைக்கச் சமீரா பழையதைத்தான் கேட்டு வருகிறாள்.