பொதுவில் விட்ட கார்

பாகப்பிரிவினையில் கிணறு, வண்டித்தடம், அப்பாவின் பழைய கார் மூன்றையும் பொதுவில் விட்டார்கள். கிணற்றில் தண்ணீர் முறைக்குச் சண்டை வந்தது. தடத்தில் யார் மரத்து மட்டை விழுகிறது என்று சண்டை வந்தது. காருக்கு மட்டும் சண்டை வரவில்லை. அது ஓடாது.

அதன் பிறகு அண்ணன் என்னிடம் கோபமாகப் பேசியதே இல்லை. அதைவிட மோசம், மரியாதையாகப் பேசினார். "வாங்க தம்பி, காப்பி குடிச்சுட்டுப் போங்க" என்பார். மோட்டார் ரிப்பேருக்கு வருகிறவரிடமும் அதே குரலில்தான் பேசுவார். எனக்கு இருப்பது ஒரே அண்ணன். பழைய அண்ணன் திரும்பி வர வேண்டும் என்று தவித்தேன். வாய்விட்டுச் சொல்லவில்லை; எனக்கும் ரோஷம் உண்டு.

ஒருநாள் அவரே போனில் ஒரு வீடியோ காட்டினார். எந்த நாட்டிலோ சிலர் பழைய காரை அறுத்து, அகலமாக்கி, கூரையைத் தாழ்த்தி, பெரிய எஞ்சின் வைத்து உறும விட்டுக்கொண்டிருந்தார்கள். ஹாட் ராட் என்று பெயராம்.

"நம்ம காரை இப்படிப் பண்ணிப்போடலாங்களா தம்பி?"

காரை வேகவைத்துத் தின்னலாமா என்று கேட்டிருந்தாலும் சரி என்றிருப்பேன்.

நடுவில் ஆறு அங்குலம் சேர்த்து அகலப்படுத்துவது என்று முடிவானது. காரணத்தை இருவருமே சொல்லவில்லை. இருவருக்கும் உடம்பு போட்டிருந்தது. முன்சீட்டில் உட்கார்ந்தால் தோளோடு தோள் இடிக்கும்.

போத்தனூரில் ஒரு டிங்கரிங் பட்டறையில் விட்டோம். டிங்கர் காரை மூக்கிலிருந்து வால்வரை நேர்நடுவில் அறுத்து இரண்டு பாதிகளையும் தள்ளித் தள்ளி நிறுத்தியிருந்தார். பார்க்க வந்த என் மனைவி, "கடைசீல இதையும் பாகம் பண்ணிப்போட்டீங்களா?" என்றாள். அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டேன்.

அடுத்த நாள் தனியாகப் போய், ஆறங்குலத் தகடு முழுவதையும் கொடுத்து, என் பாதியோடு சேர்த்துப் பற்றவைக்கச் சொன்னேன். அண்ணனிடம் தகடோ காசோ கேட்க வேண்டாம் என்றும் சொன்னேன். பங்கு கொடுக்காமல் தப்பித்தான் என்று நாளைக்கு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்கள். அண்ணன் அதற்கு முந்தின நாளே போய், அதே ஆறங்குலத் தகட்டைக் கொடுத்து, அதையே சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

இரண்டு பாதிகளையும் சேர்த்தபோது கார் ஓர் அடி கூடியிருந்தது. ஆறங்குலத்துக்குச் செய்து வைத்திருந்த முன்கண்ணாடி நடுவில் அனாதையாக நின்றது.

"உங்களுக்குத் தெரியாதுங்களா?" என்று டிங்கரிடம் கத்தினேன்.

"தெரியுமுங்க. ரெண்டு பேரும் ஆசையாக் கொண்டாந்தீங்க. யாரு தகட்டை வேண்டாங்கறதுங்க?"

ஒரு தகட்டை வெட்டி எடுக்க வேண்டும். "என்னுதை எடுத்தரலாங்ணா" என்றேன். "அதெப்படிங்க தம்பி, என்னுதை எடுக்கட்டும்" என்றார் அண்ணன். பேக்கரியில் டீக்குக் காசு கொடுக்க அடித்துக்கொள்வதைப் போல டீயே இல்லாமல் அடித்துக்கொண்டோம். டிங்கர் நடுவில் சாப்பிட்டுவிட்டு வந்தார். கடைசியில் எதையும் எடுக்கவில்லை. அச்சை நீட்டி, வேறு கண்ணாடி செய்து, பெரிய எஞ்சின் வைத்து, கூரையைத் தாழ்த்தி முடித்தபோது கார் மழைக்கு வெளியே வந்த பெருந்தவளை மாதிரி உட்கார்ந்திருந்தது.

முன்சீட்டை ஒரே நீள பெஞ்சாகப் போட்டோம். காந்திபுரத்தில் ரெக்சின் வாங்கினோம். நல்ல வழவழப்பு. அதை நான்தான் தேர்ந்தெடுத்தேன்.

இந்த மாதிரி வண்டியை ரோட்டில் ஓட்ட விடமாட்டார்கள். அதனால் லாரியில் ஏற்றித் தோட்டத்துக்குக் கொண்டுவந்து, தென்னைகளுக்கு நடுவே உள்ள தடத்தில் எடுத்தோம். அண்ணன் வலது கதவோரம் ஸ்டியரிங்கில். நான் இடது கதவோரம். நடுவில் இன்னும் ஓர் ஆள் உட்காரலாம். எஞ்சின் உறுமியது. இவ்வளவு செய்தும் ஓர் அடி விலகியதுதான் மிச்சம்.

கிணற்றடியில் அண்ணன் இடதுபக்கம் வேகமாக ஒடித்தார். கதவுக் கைப்பிடியைப் பிடிப்பதற்குள், ரெக்சினில் வழுக்கிக்கொண்டு போய் அவர் தோளில் தொம்மென்று மோதினேன்.

"ஏண்டா, புடிச்சு உக்கார மாட்டியா?" என்றார்.

நான் நகர்ந்து நகர்ந்து என் கதவோரத்துக்கே போய்ச் சேர்ந்தேன்.

தடம் பிரியும் இடம் வந்தது. வீட்டுக்கு வலதுபக்கம் திரும்ப வேண்டும். அண்ணன் வேகத்தைக் குறைத்தார். என் பக்கம் பார்க்காமல் மீசையை ஒருமுறை தடவினார். பிறகு வேகமெடுத்து, வண்டியை இடதுபக்கம் ஒடித்தார்.

நான் எதையும் பிடிக்கவில்லை.