பலகையில் கால் வைக்கும் அகலம்

சேற்று வயலைச் சமப்படுத்தும்போது பலகையில் ஒரு ஆள் ஏறி நிற்க வேண்டும். வெறும் பலகை சேற்றுக்கு மேலால் வழுக்கிக்கொண்டு போய்விடும். நிற்பவரின் பாரம்தான் மேட்டை வெட்டிப் பள்ளத்தில் போடும். எங்கள் கண்டாவளை வயலில் அந்தப் பாரம் நான். முன்னால், பலகையை இழுக்கும் இரண்டு சில்லு உழவு இயந்திரத்தின் கைப்பிடியில் என் மனைவி.

எனக்கு இடது முழங்காலுக்குக் கீழே செயற்கைக்கால். புதியது கோயிலுக்கும் கிளிநொச்சிக்கும், சேற்றுக்குப் பழையது. விழுந்துவிடுவேனோ என்ற பயத்தில், பாதங்கள் வழுக்காமல் தடுக்கும் இரண்டு கட்டைகளையும் பலகையில் நன்றாக அகட்டி அறைந்திருந்தேன். அகட்டி நின்றால் அசையமாட்டேன் என்பது என் கணக்கு. அசையத்தான் இல்லை. ஆனால் முழங்கால்கள் விறைத்து நின்றதால் பலகையைச் சரிக்கவும் முடியவில்லை. சேறு முன்னால் குவிந்தது, இயந்திரம் வெட்டி இழுத்தது, நான் தலைகுப்புறப் போனேன்.

விழுந்ததைப் பற்றி ஒன்றுமில்லை. அவள் எல்லாவற்றையும் அப்படியே விட்டுவிட்டு, முகம் வெளிறி ஓடிவந்தாள். அதுதான் எனக்குச் சுட்டது. பிறகு திரும்பித் திரும்பிப் பார்த்தபடியே ஓட்டினாள். வீட்டுக்கு வரும் வழியில், மிச்ச வயலுக்குக் கூலிக்கு ஒரு ஆளைப் பிடிப்போமா என்று மெதுவாகக் கேட்டாள். என் வயலில் இன்னொருவன் பலகையில் நிற்க, வரம்பில் குந்தியிருந்து பார்க்க எனக்கு மனமில்லை.

அன்று பின்னேரம் சுவிஸிலிருந்து தம்பி வீடியோவில் வந்தான். அவன் பனிச்சரிவில் பலகையில் வழுக்கி விளையாடுகிறவன். காசு கொடுத்து விழுகிற விளையாட்டு என்று நான் பகிடி பண்ணுவேன். இம்முறை புதுப்பலகை வாங்கியிருந்தான். விளிம்பால் பனியை வெட்டி வளைந்து வளைந்து போகிற வகையாம். பழைய பலகையின் அகலத்திலேயே காலைப் பூட்டியதால் விளிம்பு பனியில் பிடிக்கவேயில்லையாம். திருகாணிகளைக் கழற்றி, கால்களைக் கொஞ்சம் கிட்டக் கொண்டுவந்த பிறகுதான் சரிவந்ததாம்.

"அகட்டி நிண்டால் விழாமல் நிக்கலாம் அண்ணை. ஆனால் பலகை எங்கட சொல்லுக் கேக்காது," என்றான்.

நான் விழுந்த கதையை அவனுக்குச் சொல்லவில்லை. காலையில் வெள்ளனவே கட்டைகளைக் கழற்றினேன். ஆசை மிஞ்சி, மிகவும் கிட்ட அறைந்துவிட்டேன். ஏறி நின்று பார்த்தால் குடிவெறிகாரனைப் போல ஆட்டம். திரும்பவும் கழற்றி, தோள் அகலத்துக்கு அறைந்தேன். மனைவி பார்த்துக்கொண்டு நின்றாள்.

வயலில் இறங்கியதும் வித்தியாசம் தெரிந்தது. இரண்டு முழங்காலும் சேர்ந்து மடிந்தன. உடம்பைப் பின்னால் சாய்த்தால் பலகையின் முன்விளிம்பு எழும்பிச் சேற்றை விட்டது. முன்னால் சாய்த்தால் மேட்டை வெட்டியது. செயற்கைக்காலுக்குச் சேறு தெரியாது, ஆனால் முழங்காலுக்குத் தெரியும். எனக்குத் தலைகால் தெரியாத சந்தோஷம். அந்தப் புளுகத்தில், வாய்க்கால் மூலையில் திரும்பும்போது, விழாமல் நிற்கப் பிடிக்கும் கயிற்றை ஒரு கையால் மட்டும் பிடித்தேன். அவ்வளவுதான், மல்லாக்க விழுந்தேன்.

அவள் ஓடிவருவாள் என்று சேற்றுக்குள் கிடந்தபடி பார்த்தேன். அவள் கைப்பிடியை விடவேயில்லை. திரும்பி என்னைப் பார்த்து, வாய்விட்டுச் சிரித்தாள்.

"கெதியா எழும்பி வாங்கோ, டீசல் எரியுது."

கல்யாணம் முடித்த நாளிலிருந்து அவளிடம் எத்தனையோ பேச்சு வாங்கியிருக்கிறேன். இவ்வளவு சந்தோஷமாக ஒருநாளும் வாங்கியதில்லை.